அப்பா எழுதி வெச்ச பியானோ

அப்ப தேறாதுங்கறீங்க. பரவால்ல சார், ஒளிக்காம சொல்லுங்க. உள்ள பலகையே பொளந்திருச்சா? அடேயப்பா, இவ்ளோ நீளத்துக்கா? அப்ப கம்பிய எவ்ளோ முறுக்கினாலும் சுருதி நிக்காது. சரி. ரிப்பேர் பாக்க வந்ததுல நீங்க மூணாவது ஆளு. முதல்ல வந்தவரு ரெண்டு கட்டைய தட்டிப் பாத்துட்டு உதட்டப் பிதுக்கினாரு. அடுத்தவரு உள்ள எட்டிக்கூட பாக்கல.

உக்காருங்க சார். முட்டி பத்திரம், அந்த மூலைல எல்லாரும் இடிச்சுக்கறாங்க. இத உள்ள கொண்டுவர வாசக்கதவையே கழட்டினோம். இருக்கறதே ஒண்ணரை ரூமு. வீட்டுக்காரி தொவச்ச துணிய இது மேலதான் மடிச்சு வைக்கறா. அவளச் சொல்லியும் குத்தமில்ல.

ஸ்கூலுக்குச் சும்மாவே தரேன்னேன். ஹெட்மிஸ்ட்ரஸ் நேர்ல வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டு, ஸ்டூல மட்டும் குடுப்பீங்களான்னு கேட்டாங்க. சிரிக்காதீங்க சார், நெஜமாத்தான்.

நானா? எனக்கு ஒரு விரல் வைக்கத் தெரியாது. அப்பா தங்கச்சிக்காக வாங்கினது. யாரோ பங்களாவ காலி பண்றாங்கன்னு கேள்விப்பட்டு ஓடினாரு. அப்பவே கெழட்டுப் பியானோதான். ஆனா அவ தொட்டா எதுத்த வீட்டு ஜன்னலெல்லாம் தொறக்கும். அப்பா வேலைலேந்து வந்து செருப்பக்கூட கழட்டாம நின்னு கேப்பாரு. நான் கிளாஸ்ல முதலா வந்துட்டேன்னு மார்க் ஷீட்ட நீட்டினா, உஸ்ஸுன்னு வாயில விரல வைப்பாரு.

இல்ல சார், இப்ப அவ வாசிக்கறதில்ல. பதினாலு வயசோட சரி. மியூசிக் பரீட்சைக்கு மொத நாள், பியானோ மூடி விழுந்து வலது கைல மூணு விரல் நசுங்கிருச்சு. எலும்பு கூடுச்சு, விரல் மடங்கல. இன்னிக்கும் பட்டன் போடறதெல்லாம் இடது கைதான்.

போன மாசம் அப்பா தவறிட்டாரு. உயில்ல வீடு அவளுக்கு, பியானோ எனக்கு. கடைசி காலத்துல பெரியவருக்குப் புத்தி தடுமாறி மாத்தி எழுதிட்டாருன்னு சொந்தக்காரங்க பேசிக்கறாங்க. நானும் ஆமான்னு தலையாட்டறேன்.

தடுமாறல சார். இந்த மூடி தானா விழற மூடியா? நீங்களே தூக்கிப் பாத்தீங்களே, எவ்ளோ இறுக்கம். நான்தான் போட்டேன். போட்டுட்டுத் திரும்பினா வாசப்படில அப்பா. அம்மா அலறிட்டு ஓடி வந்தப்ப, தானா விழுந்திருச்சுன்னு சொன்னவரு அவருதான். அப்புறம் முப்பத்தோரு வருசம். சாப்டியான்னு கேப்பாரு. மழை வருது, கொட எடுத்துக்கோம்பாரு. இதப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல.

நேத்துதான் தங்கச்சிக்குப் போன் போட்டேன். நீ எடுத்துக்கறியா, இல்ல உடைச்சிரட்டுமான்னேன். அவ சொன்னா, உடைக்காத அண்ணா, அப்பா தெரிஞ்சுதான் குடுத்திருக்காரு, உன் வீட்லயே இருக்கட்டும்னு.

கோவமாக்கூடச் சொல்லல சார்.