ஒன்றரைச் சுற்று

சேற்றில் ஓடுகிற மோட்டார் சைக்கிளுக்கு ரயரில் காற்றுக் குறைவாக இருக்க வேண்டும். பலருக்கு இது தெரியாது. சறுக்குகிறது என்று இன்னும் காற்று அடிப்பார்கள். இறுகிய ரயர் களியை வெட்டிக்கொண்டு கீழே போகும். தொய்ந்த ரயர் களிக்கு மேலே பரந்து நிற்கும். வழமையான காற்றில் பாதி போதும்.

நீங்கள் முதலில் மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன், ஐயா. உங்கள் மேசையில் இருக்கிற படத்தில் அது ஒரே சேறாக இருக்கிறது. கழுவித் தந்திருப்பேன். நேரம் கிடைக்கவில்லை.

என் பெயர் நிசாந்தன். வயது முப்பத்தொன்று. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன். தீவுகளில் கிணறுகளின் நீர்மட்டம் அளப்பது என் உத்தியோகம். அதற்காகத்தான் அந்தப் பழைய ட்ரெயில் மோட்டார் சைக்கிளை வாங்கினேன். வீடு புங்குடுதீவு மடத்துவெளியின் கடைசியில். வீட்டுக்கும் தார் றோட்டுக்கும் நடுவில் ஒரு தரவை. கோடையில் அங்கே மாடு மேயும். மாரியில் முழங்காலளவு சேறு. ஓட்டோ வராது. நடந்துபோனால் முக்கால் மணித்தியாலம்.

அந்தத் தரவையில்தான் என் மனைவி நிமலினி இறந்தாள். 2022 கார்த்திகை. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. காலை ஆறரைக்கு இரத்தம் போகத் தொடங்கியது. அவசர இலக்கம் 1990க்கு அழைத்தேன். அம்புலன்ஸ் நேரத்துக்கு வந்து தார் றோட்டில் நின்றது. அவர்களில் பிழையில்லை. நிமலினியைப் பின்னால் இருத்தி, சேலையால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். நடுத்தரவையில் எஞ்சின் நின்றது. உதைத்தேன், எடுத்தது. பத்து யார் தூரம் போக மறுபடி நின்றது. மூன்றாவது முறை எடுக்கவே இல்லை. அம்புலன்ஸின் சிவப்பு வெளிச்சம் சுற்றுவது அங்கிருந்து தெரிந்தது.

சேற்றில் மெதுவாகப் போகும்போது அக்சிலேற்றரை முறுக்கிய கை ஒரு கணம் தளரும். அந்தக் கணத்தில் எஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு, எஞ்சினுக்குப் பெற்றோல் விடுகிற காபரேற்றரில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. கராச்சில் அதை ‘ஸ்லோ’ என்பார்கள். ஸ்லோ குறைவாக இருந்தால் எஞ்சின் நின்றுவிடும். அன்று குறைவாக இருந்தது.

மோட்டார் சைக்கிளைத் திருத்துகிறவன் ஜெனிஸ்ரன். சந்தியில் கராச் வைத்திருந்தான். அல்போன்சம்மாவின் ஒரே மகன்.

வாக்குமூலம் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். பழிவாங்கினேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை, ஐயா. ஜெனிஸ்ரன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தான்.

நிமலினி இறப்பதற்கு ஒரு மாதம் முன்னர், நான் ஒரு கூட்டத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தேன். பஸ்ஸில் போனேன். பின்னேரம் வந்தபோது ஜெனிஸ்ரன் எங்கள் முற்றத்தில் கை துடைத்துக்கொண்டு நின்றான்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. அக்காதான் கூப்பிட்டவ. மாரியும் வருது, பிள்ளையும் வருது. உது நடுத்தரவையில படுத்திட்டால் நான்தான் நீந்த வேணும் எண்டு சொன்னவ.”

நிமலினி சிரித்தாள். “இவர் படிச்சவர், தம்பி. முதலே சொன்னால் விடமாட்டார். செய்துபோட்டுத்தான் சொல்ல வேணும்.”

“ஸ்லோவைக் கூட்டி விட்டிருக்கிறன், அண்ணை. குறியும் போட்டிருக்கு, பாருங்கோ. அக்கான்ர கியூட்டெக்ஸ். உங்கட வண்டியும் இப்ப வடிவு பாக்குது.”

திருகின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. யாராவது திருகைத் திருப்பினால் கோடு உடைந்துவிடும். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பெற்றோலுக்குக் கியூஆர் காட்ட வேண்டியிருந்த வருடம் அது. கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றுவார்கள். ஸ்லோ கூடினால் எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். சத்தமும் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த நாள் காலை வேலைக்குப் போகுமுன் திருப்புளியை எடுத்துத் திருகைப் பின்னால் திருப்பினேன். ஒன்றரைச் சுற்று.

நிமலினி குசினிக்குள் இருந்து கேட்டாள். “என்னப்பா செய்யிறியள்?”

“காத்துப் பாக்கிறன்” என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது.

தரவையில் எஞ்சின் நின்றபோது ஜெனிஸ்ரன் றோட்டிலிருந்து ஓடி வந்தான். அம்புலன்ஸைக் கண்டு விசாரித்திருக்கிறான். செருப்பைச் சேறு இழுத்துவிட்டது. சேலைக் கட்டை அவிழ்த்து நிமலினியைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தான். நான் பின்னால் போனேன். அவன் களைத்துக் களைத்து அவளோடு பேசிக்கொண்டே போனான்.

“நித்திரை கொள்ளாதேங்கோ அக்கா. பிள்ளைக்கு என்ர பேர்தான் வைக்க வேணும், சொல்லிப்போட்டன். பொம்பிளைப் பிள்ளையெண்டாலும் ஜெனிஸ்ரன்தான்.”

“போடா” என்றாள்.

அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. என்னிடம் சொல்லவில்லை. அதன்பிறகும் அவன் பேசிக்கொண்டுதான் போனான். றோட்டில் இறக்கிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. எனக்கு முன்னரே தெரிந்துவிட்டது. அவள் கை ஆடிய விதத்தில் தெரிந்தது.

செத்தவீட்டில் எல்லாரும் மழையைக் குறை சொன்னார்கள். பாதை போட்டுத் தராதவர்களைத் திட்டினார்கள். நானும் அதையே சொன்னேன். மோட்டார் சைக்கிளைச் சேற்றிலிருந்து இழுத்து வந்து, கழுவி, பின்பக்கம் நிறுத்தியவன் ஜெனிஸ்ரன். பாடை கட்டிக்கொண்டிருந்த நேரம் என்னை வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அவன் கண்கள் வீங்கியிருந்தன.

“அண்ணை, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே.”

தோளில் கை போட்டான். நான் அவனிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

அவன் போனபிறகு மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். திருகை அவன் தொடவில்லை. சிவப்புக் கோடு உடைந்தபடியே இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபிறகு கிழமைக்கொரு தடவை வருவான். அல்போன்சம்மா சமைத்த மீன்குழம்பு கொண்டு வருவான். “அம்மா தந்துவிட்டவ. சாப்பிட்டனியளோ அண்ணை? மெலிஞ்சு போனியள்” என்பான். நல்ல குழம்பு. மூன்று வருடம் சாப்பிட்டேன். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பான். கோயில் திருவிழாவில் யாராவது என்னிடம் நிமலினியைப் பற்றிக் கேட்டால் இடையில் புகுந்து பேச்சை மாற்றுவான். பிறகு என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வையை எப்படி எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. நோயாளியைப் பார்ப்பதுபோல என்று எழுதலாம்.

திருகை நான் ஒரு நிமிடத்தில் பழையபடி திருப்பியிருக்கலாம். புதுக்கோடும் போட்டிருக்கலாம். ஆனால் அவன் பார்த்ததை என்ன செய்வது? ஊரில் ஆயிரம் பேருக்கு நான் மனைவியை இழந்தவன். ஒருவனுக்கு மட்டும் நான் வேறு ஆள். அந்த ஒருவனும் இல்லாவிட்டால் கணக்குச் சரி. இதை நான் கோபத்தில் யோசிக்கவில்லை. கிணற்றில் நாடாவை இறக்கி மட்டம் பார்ப்பதுபோல நிதானமாகத்தான் யோசித்தேன்.

போன புதன்கிழமை, மழை பிடித்த நான்காம் நாள், மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவன் கராச்சுக்குப் போனேன். மூன்று வருடமாகச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தது. அவனுக்கு நல்ல சந்தோசம்.

“வாங்கோ வாங்கோ. கிழவி இன்னும் சாகேல்லையே?” என்று மோட்டார் சைக்கிளின் இருக்கையைத் தட்டினான்.

“சேத்துக்கு ஏத்தமாதிரிச் செய்து தா, தம்பி. மெள்ளப் போக வேணும். எங்கையும் நிக்கக்கூடாது.”

“ஓம் அண்ணை. அப்பிடியே செய்வம்” என்றான்.

பகல் முழுக்கச் செய்தான். செயின் ஓடுகிற முன்பற்சில்லைக் கழற்றி ஒரு பல் குறைந்ததைப் போட்டான். வேகம் குறையும், இழுவை கூடும். செயினைச் சற்றுத் தொய்ய விட்டான், இடையில் களி அடைந்தாலும் அறாமலிருக்க. சில்லில் களி அடையாதபடி முன் மட்காட்டை உயர்த்திக் கட்டினான். எழும்பி நின்று ஓட்டினாலும் ஒரு விரலால் பிடிக்கக்கூடியதாகக் கிளச் பிடியைக் கீழே சரித்தான். பிளக் மூடிக்குள் கிறீஸ் பூசினான், தண்ணீர் போகாமலிருக்க. நானும் கூட நின்று, கழற்றிப் பூட்டுகிற சாவிகளை எடுத்துக் கொடுத்தேன். கடைசியாக ஸ்லோவைக் கூட்டி, காதை வைத்துக் கேட்டு, இன்னும் ஒரு மயிரளவு கூட்டினான்.

“இந்தமுறை கை வைக்கப்படாது, அண்ணை. சரியோ?” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அந்த வார்த்தைதான் காரணமா என்று கேட்பீர்கள். இல்லை. நிமலினியின் கியூட்டெக்ஸ் குப்பியை அலுமாரியிலிருந்து எடுத்து அதற்கு முன்னரே சட்டைப்பையில் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவன் அதை வாங்கிப் பார்த்தான். உள்ளே தடித்துப் போயிருந்தது. இரண்டு சொட்டுத் தின்னர் விட்டுக் கலக்கினான். கோடு போடும்போது மூக்கை உறிஞ்சினான்.

மூன்று மணிக்குத் தரவைக்குப் போனோம். தூறிக்கொண்டிருந்தது. இறுகிய தரை எங்கே என்று காட்ட அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு தடியோடு முன்னால் நடந்தான். நான் முதல் கியரில் பின்னால் போனேன். நடக்கிற வேகம்.

“பாத்தியளோ அண்ணை? உங்கட படிப்பைவிட என்ர காது நல்லம்.”

நிமலினியோடு எஞ்சின் நின்ற அந்த இடம் வந்தது. முன்சில்லால் அவன் முழங்காலுக்குப் பின்னால் இடித்தேன். குப்புற விழுந்தான்.

“கிளச்சைப் பிடியுங்கோ, அண்ணை” என்றான்.

என் கை தவறிவிட்டது என்று நினைத்திருக்கிறான். நான் கிளச்சைப் பிடிக்கவில்லை. முன்சில்லு முதுகில் ஏறியது. அவன் முகம் களிக்குள் போனது. பின்சில்லு ஏறும்போது எஞ்சின் திணறிச் சத்தம் இறங்கியது. அப்போது அக்சிலேற்றரிலிருந்து கையை முழுதாக எடுத்தேன். நிற்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. எஞ்சின் நிற்கவில்லை. அவன்மேல் ஏறி இறங்கி அப்பால் போனது.

திரும்பி வந்தேன். இரண்டாவது தடவை அவன் நிமிர்ந்து கிடந்தான். கையை உயர்த்தி முன்சில்லைப் பிடிக்கப் பார்த்தான். விரல்கள் கம்பிகளுக்குள் போயின. விலா எலும்பு முறிந்தது எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. அடுத்த தடவை சில்லு அவன் வாய்க்கு மேலால் போனது. அதன்பிறகு அவன் என்னை அண்ணை என்று கூப்பிடவில்லை. ஏழு தடம் இருந்ததாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். நான் எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அவனைத் தூக்கிப் பின்னால் இருத்தினேன். அவன் சாரத்தைக் கிழித்து என் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். மூச்சு இருந்தது. என் பிடரியில் ஈரமாகப் பட்டது. தார் றோட்டுவரை போனேன். அந்த இடத்திலிருந்து ஆறு நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஓரிடத்திலும் எஞ்சின் நிற்கவில்லை. பின்னால் ஆள் இருந்தும் நிற்கவில்லை. 1990க்கு நானே அழைத்தேன். வந்தவர்களில் ஒருவர் அன்றைக்கும் வந்தவர். என்னை அடையாளம் கண்டு, “திரும்பவும் நீங்களோ?” என்றார். அவர்கள் வரும்போது ஜெனிஸ்ரனுக்கு மூச்சு இல்லை.

அல்போன்சம்மா ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. “நீர் இல்லாட்டி என்ர பிள்ளை சேத்துக்குள்ளயே கிடந்திருக்கும், தம்பி” என்றா. அவவுக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லைப் போல. குழம்புச் சட்டி ஒன்று என் வீட்டில் இருக்கிறது. அதைக் கொடுத்துவிடுங்கள்.

படத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள். காபரேற்றர் தெரிகிறதா? சிவப்புக் கோடு உடையவில்லை. நல்ல வேலைக்காரன். அதையும் எழுதுங்கள்.

ஜெனிஸ்ரனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்து வைக்க வேண்டுமென்று காட்டுங்கள். நிமலினியைப் பற்றிச் சொன்னதை மட்டும் வெட்டிவிடுங்கள். அது இந்த வழக்குக்குத் தேவையில்லை. ஒன்றரைச் சுற்றுத்தான், ஐயா. அதற்கெல்லாம் ஆள் சாகாது.