எங்க லயத்துச் சீலை

உள்ள வா சுலக்ஷனா, ஏன் வாசல்லயே நிக்கிற. சீலைக்குத்தானே வந்த? தெரியும். மகனை முதலாம் வகுப்புல சேக்க நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்களாமே, காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்கயில பேசிக்கிட்டாங்க. சுரிதார்ல போனா கேட்டுலயே நிப்பாட்டிருவாங்க. அம்மாமாருன்னா அங்க சீலைதான். நம்மகிட்ட இருக்கா இல்லையான்னு கேக்கவா போறாங்க.

இந்தா, இதுதான். பச்சையில மஞ்சக் கரை. தொட்டுப் பாரு, கஞ்சி போட்டு வச்சிருக்கேன். என் தங்கச்சி கொழும்புல வீட்டு வேலை செய்யயில அந்த வீட்டுக்கார நோனா குடுத்தது. இந்த லயத்து வரிசையில எவ வீட்டு போட்டோவ எடுத்தாலும் இந்தச் சீலைதான் நிக்கும். கல்யாணப் பதிவு, பேங்கு, பிள்ளைக்குப் பேர் பதியிறது, எல்லாத்துக்கும் இதக் கட்டிக்கிட்டுத்தான் போனாளுக. ஆனாலும் தோட்டத்துல என் பேரச் சொல்லி காளியாயி சீலைன்னுதான் சொல்லுவாங்க.

ஜாக்கெட் இருக்கா? கறுப்பா? போதும். முந்தானைய இழுத்துப் போத்திக்க, தையல் விட்டது தெரியாது. செருப்பு பழசுன்னா சீலையக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டு. பேசயில கைய மடியில வச்சுக்க, கொழுந்து பறிச்ச கறை அவங்க கண்ணுல படாது.

அதுவா. அந்தத் திட்டு போகல, எத்தனையோ தரம் துவைச்சுட்டேன். உள்பக்கமா மடிச்சுக் கட்டிக்க. இல்ல, சாயம் இல்ல அது. நீ இங்க புதுசு, சொல்லாமக் குடுக்கிறது சரியில்ல.

லயத்துக் கடைசி வீட்டுக் காம்பராவுல நாகலெட்சுமின்னு ஒருத்தி இருந்தா. அவளையும் பள்ளிக்கூடத்துல இப்படித்தான் ஒருக்கா திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி கூப்புட்டப்ப, சீலை இல்ல, நான் போகலன்னு புருசன் சின்னத்தம்பிகிட்ட சொல்லிட்டா. அவன் வேலைக்குப் போன பெறகு மனசு கேக்காம என்கிட்ட ஓடி வந்தா. நான்தான் கொசுவம் பிடிச்சு விட்டேன். நோட்டன் ரோட்டுல அவ போன வேன் பொரண்டுருச்சு. முகம் பாக்கிற மாதிரி இல்லையாம். பாத்தவங்க சீலைய வச்சு, காளியாயி போயிட்டான்னு தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பிட்டாங்க.

அன்னைக்கு நான் வேலைக்குப் போகல. யார்கிட்டயும் சொல்லாம காட்டுக்கு விறகுக்குப் போயிட்டேன். கட்டோட எறங்கி வாறேன், வாசல்ல என் வீட்டுக்காரரு தரையில கெடக்காரு. சின்னத்தம்பிதான் அவரக் கட்டிப் பிடிச்சுத் தேத்திக்கிட்டு இருந்தான். என்னயப் பாத்ததும் மொதல்ல சிரிச்சவனும் அவன்தான். அக்கா வந்துட்டாங்க, அக்கா வந்துட்டாங்கன்னு எல்லாரையும் கூப்புட்டான். அப்பறம்தான் என்னய மேலயும் கீழயும் பாத்தான். அக்கா, சீலை எங்கன்னு கேட்டான்.

சீலை திரும்பி வந்ததும் எரிச்சிரலாம்னுதான் இருந்தேன். எரிச்சா அடுத்தவ எதக் கட்டிக்கிட்டுப் போவா, சொல்லு. பயமா இருந்தா வேணாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்.

எடுத்துக்கிறியா. சரி. ஒண்ணு மட்டும் செய்யி. காலையில பொறப்படயில உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுப் போ, இன்னைக்கு இந்தச் சீலை உன் மேல இருக்குன்னு. நானும் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வச்சிர்றேன்.