பேரில்லாமல் ஒப்பாரி வராது

அம்பகரத்தூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு நாடகாசிரியரும் அவர் சிநேகிதரும்.

"எனக்கு வெச்ச ஒப்பாரியை நானே கேட்டுட்டேங்க."

"என்னங்க சொல்றீங்க?"

"நாடகத்துல ஒரு தீவு ஜனங்க வர்றாங்க, நானா கற்பனை பண்ணினவங்க. அவங்களுக்கு ஒப்பாரி வேணும்னு காரைக்கால்மேட்டுக்குப் போனேன். மகனைக் கடல்ல பறிகொடுத்த அம்மாகிட்ட, அழுததை இன்னொருதரம் பாடச் சொன்னேன்."

"இது அநியாயங்க. பாடினாங்களா?"

"காரியம் முடிஞ்சப்புறம் மகன் பேரைச் சொல்லி அழக்கூடாதாம். பேரில்லாம ஒப்பாரியும் வராதாம். உன் பேரு என்னன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன்."

சிநேகிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, "எழுதிக்கிட்டீங்களா?" என்றார்.

"எங்கே எழுதறது? கை ஓடவேயில்லை. என்னைப் பெத்தவகூட எனக்கு அப்படி அழமாட்டா."