முப்பது நாள் மௌனம்

2024ஆம் ஆண்டு நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. காலையில் நல்ல வெயில்; பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் பிரிக்பீல்ட்ஸில் கனமழை. என் மாடி அலுவலகத்துக்கு வந்த ஜுஹைர் குடை கொண்டுவரவில்லை. ஆதலால் முதலில் அவருக்குத் தலை துவட்ட ஒரு துண்டைக் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் அவர்களே, இந்த வாக்குமூலத்தை நானே தமிழில் எழுத விரும்பினேன், அனுமதித்தமைக்கு நன்றி. மலாய்ப் பள்ளியில் பயின்ற நான், நாற்பத்து நான்காம் வயதில்தான் மாலை வகுப்பில் சேர்ந்து தமிழ் எழுத்துகளைக் கற்றேன். இன்று எனக்கு வயது ஐம்பத்தெட்டு. பிழையின்றி எழுதுவேன். இதனை மலாய் மொழிக்கு மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லையும் குறைக்காதிருக்க வேண்டுகிறேன்.

நான் ஓர் இணைய இதழ் நடத்துகிறேன். வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதுவோர் அனுப்பும் படைப்புகளை அதில் வெளியிடுகிறேன். ஒருவர் எழுதியதை அவரைக் கேளாமல் எடுத்து மறுபதிப்புச் செய்யும் தளங்கள் பல உள. அது திருட்டு. என் இதழில் அது நடவாத வண்ணம் விதிமுறைகளை நானே இயற்றினேன். பதிப்புரிமை எழுத்தாளருக்கே உரியது. இணையத்தில் முதன்முறை வெளியிடும் உரிமை மட்டுமே எனக்கு. நூலாக மறுபதிப்புச் செய்ய வேண்டுமாயின், மின்னஞ்சல் வழியே அனுமதி கோருவேன். முப்பது நாளுக்குள் எழுத்து வடிவில் மறுப்பு வராவிடில், அனுமதி வழங்கப்பட்டதாகக் கொள்ளப்படும். இது ஏழாம் விதி. இதனை எழுதி முடிக்க எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. ஜுஹைர் இதன் கீழுள்ள கட்டத்தில் ஒப்புதல் குறியிட்டுள்ளார்.

அவர் கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர், வயது முப்பது. கிள்ளான் ரயிலில் தம்முடன் பயணிப்போரைப் பற்றி என் இதழில் பன்னிரண்டு கட்டுரைகள் எழுதினார். வாசகர்கள் விரும்பிப் படித்தனர். அவற்றை நூலாக்க எண்ணி, நான் நாற்பது பக்கங்களில் ஒரு முன்னுரை எழுதினேன். என் எழுத்து அச்சேறவிருந்தது அதுவே முதன்முறை. நவம்பர் 18ஆம் நாள் மாலை 4.20 மணிக்கு, அனுமதி கோரும் மின்னஞ்சலுடன் முன்னுரையையும் அவருக்கு அனுப்பினேன். மறுநாள் அவர் நேரில் வந்தார்.

“நீங்க புக் போட வேணாம் அங்கிள். சுங்கை பூலோவுல புக் போடுற ஒருத்தர் கேட்டிருக்காரு, அவர்கிட்ட கொடுக்கப் போறேன். ரைட்ஸ் என்னோடதுதானே?”

“உங்களுடையதுதான்” என்றேன். “முன்னுரையைப் படித்தீர்களா?”

அவர் தலையைத் துவட்டியவாறே சிரித்தார். “நாலு பக்கம் படிச்சேன். பாசாருக்கு மீன் வாங்கக் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு அங்கிள். பரீட்சைக்கு எழுதுனீங்களா? என் கட்டுரைக்கு முன்னாடி அது வேணாம்லா. கோவிச்சுக்காதீங்க.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கும் முன்னுரைக்கும் தொடர்பில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வாய்மொழியாகக் கூறும் மறுப்பு ஏழாம் விதியின்படி செல்லாது என்று அவருக்கு விளக்கினேன்.

“அவ்வளவுதானா? இப்பவே ஈமெயில் போடுறேன், பாருங்க” என்று கைப்பேசியை எடுத்து இரு கட்டைவிரல்களாலும் தட்டத் தொடங்கினார்.

மேசையின் மீது ஓர் இரும்புக் கட்டி இருந்தது. பசை தடவிய நூல்களின் முதுகு நன்கு ஒட்டும்பொருட்டு அவற்றின் மேல் அதனை வைப்பது வழக்கம். மூன்று கிலோ எடை இருக்கும். அதனால் கைப்பேசியை அடித்தேன். கைப்பேசியோடு அவருடைய வலக்கை விரல்களும் நொறுங்கின. ஒரு கையாலும் தட்டச்சு செய்ய இயலும் அல்லவா? எனவே இடக்கையை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து நான்கு முறை அடித்தேன். மழை இரைச்சலில் கீழ்த்தளத்துப் பூக்கடைக்காரருக்கு எதுவும் கேட்கவில்லை.

மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாகக் கூறினேன். அவர் நம்பினார். என் தோளில் சாய்ந்தபடி படியிறங்கினார். காரில் இருக்கைப் பட்டையை நானே மாட்டிவிட்டேன். வழியில் மயங்கிவிட்டார். ஷா ஆலம் தொழிற்பேட்டையில், நூல்களை அடுக்கி வைக்க நான் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கில் அவரை இறக்கினேன். நீங்கள் அவரைக் கண்டெடுத்த இடம் அதுவே.

விரல்கள் இல்லாவிடினும், வாயால் சொல்லிப் பிறரைக் கொண்டு எழுதுவிக்க முடியும். ஆகவே வாயைக் கட்டினேன். உணவு ஊட்டும்போது மட்டும் அவிழ்த்தேன். நாளொன்றுக்குப் பத்துப் பக்கங்கள் வீதம் முன்னுரையை அவருக்குப் படித்துக் காட்டினேன். விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன, காய்ச்சலும் இருந்தது. ஆயினும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சனிக்கிழமை பிற்பகல், நாற்பதாம் பக்கத்தை முடித்துவிட்டு வாய்க்கட்டை அவிழ்த்தேன்.

“புக்கைப் போட்டுக்குங்க அங்கிள். பர்மிஷன் தரேன். என்னை விட்டுடுங்க.”

அச்சுறுத்திப் பெறும் அனுமதி செல்லாது என்பதை அவருக்கு எடுத்துரைத்தேன். எழுத்தாளரின் உரிமையை மதிப்பவன் நான்.

“முன்னுரையும் நல்லாருக்கு” என்றார்.

“எந்த வாக்கியம்?”

அவர் என்னையே பார்த்தார். உதடுகள் அசைந்தன. “எல்லாமே நல்லாருக்கு அங்கிள்.”

நான்கு நாட்கள் கேட்டும், ஒரே ஒரு வாக்கியத்தை அவரால் சொல்ல இயலவில்லை. அலுவலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த இரும்புக் கட்டி காரில் இருந்தது. சென்று எடுத்து வந்தேன். முதல் அடி நெற்றியில் விழுந்தது, “உம்மா” என்றார். அதன்பின் ஆறு அடிகள் அடித்தேன். மூன்றாவதற்குப் பிறகு அவர் அசையவில்லை. ஏழாவதற்குப் பிறகு அவரை எவராலும் அடையாளம் காண முடிந்திராது. அருகில் இருந்த இரண்டு காகிதக் கட்டுகள் நனைந்து பயனற்றுப் போயின. அவரைத் தார்ப்பாயில் சுற்றி, பெட்டிகளுக்குப் பின்னால் கிடத்தினேன்.

பத்து நாட்கள் கழித்து அவருடைய அக்கா ருமானா அலுவலகத்துக்கு வந்தார்.

“உங்களைப் பார்க்கப் போறேன்னுதான் தம்பி சொல்லிட்டுப் போனான். வந்தானா அங்கிள்?”

“வந்தார். மழை விட்டதும் புறப்பட்டுவிட்டார்” என்று கூறி, கீழேயிருந்து தேநீர் வரவழைத்தேன்.

அவர் அதனைக் குடிக்கவில்லை. “அந்த புக்கையாச்சும் சீக்கிரம் போடுங்க. எங்க இருந்தாலும் பார்த்துட்டு ஓடி வந்துடுவான்லா.”

முப்பது நாள் முடியுமுன் எதுவும் செய்ய இயலாது என்றேன். அவர் அழுதார். என் மனமும் வருந்தியது. எனினும் ஒருவருடைய கண்ணீருக்காக விதியைத் தளர்த்தினால், நாளை எந்த எழுத்தாளர் என்னை நம்புவார்?

டிசம்பர் 18, புதன்கிழமை. அன்று மழை இல்லை. அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய கோப்பு காலையிலேயே ஆயத்தமாக இருந்தது. அதன் முதல் நாற்பது பக்கங்கள் என்னுடையவை. ஆயினும் நான் அவசரப்படவில்லை. கடைசி நொடிவரை மறுக்கும் உரிமை ஜுஹைருக்கு உண்டு. ஆகவே மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து வைத்து, அவருடைய பதில் வருகிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. அப்போது மாலை மணி 4.20.