வரிக்கு வரி என்டர்

ஆனந்த்: ...எழுத்து ஒண்ணும் தொலைஞ்சு போவல பெரியம்மா. பயப்படாதீங்க.

மதலேனம்மாள்: பின்ன ஏன் ஆனந்து இப்படிப் பிச்சுப் போட்டாப்புல கிடக்குது? ஒரு வரி முழுசா இருக்குது, அடுத்த வரியில ஒத்தை வார்த்தை...

ஆனந்த்: இந்தப் புஸ்தகம் படிக்கிற ரீடர்ல எழுத்தைப் பெருசு பண்ணினா வரி அதுவா மடங்கிக்கும். பெரியப்பா ஃபைல்ல வரிக்கு வரி என்டர் தட்டியிருக்குது. அதுவும் மடங்கி, இதுவும் ஒடைஞ்சா இப்படித்தான். பாருங்க, "மெயில் வண்டிக்குக் கேட்டை"... அடுத்த வரியில "மூடினேன்".

மதலேனம்மாள்: முப்பத்தஞ்சு வருசம் அவரு காவல் காத்த ரயில்வே கேட்டு. ஒரே வரியில மூட வுடுப்பா.

ஆனந்த்: மூடிரலாம். ரெண்டு என்டர் சேந்தாப்புல வந்தா அது பாரா, வுட்டுரு. ஒத்தை என்டர்னா எடுத்துட்டு வரியை ஒட்டு. கம்ப்யூட்டருக்கு இவ்வளவு சொன்னாப் போதும்.

மதலேனம்மாள்: அனிஷா ஜோலார்பேட்டை தாண்டிட்டாளாம். இப்பத்தான் போன் பண்ணினா.

ஆனந்த்: பொம்மிடி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆவும்.

மதலேனம்மாள்: வூட்டுக்குள்ள கால் வைக்கும்போதே கேப்பா. இந்த ரீடரை வாங்கி வச்சுட்டுப் போனப்பவே சொல்லிட்டா, "அப்பா எழுதினதை இதுல ஏத்தி வைம்மா, அவரோட வருசப் பூசைக்கு வர்றப்போ எடுத்துட்டுப் போறேன்"னு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் என்னையும் மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறா.

ஆனந்த்: அதுக்குள்ள முடிச்சுரலாம். ஆமா, இதை யாருங்க டைப் பண்ணினது?

மதலேனம்மாள்: ஏன்?

ஆனந்த்: சும்மா கேட்டேன்.

மதலேனம்மாள்: கடையில குடுத்தாரு. எந்தக் கடையோ... அவருக்குத்தான் சக்கரையில கண்ணு போயிருச்சே.

ஆனந்த்: பழைய டைப்ரைட்டிங் ஆளாத்தான் இருக்கும். அந்த மெஷின்ல வரி முடிஞ்சா மணி அடிக்கும், கையால தள்ளிவுட்டு அடுத்த வரிக்குப் போவாங்க. அந்தப் பழக்கம் விரலை வுட்டுப் போவல போல. கம்ப்யூட்டர்லயும் தட்டியிருக்கான்.

மதலேனம்மாள்: இருக்கும்.

ஆனந்த்: என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்திருந்தான்னா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பக்க நம்பரைக் கொண்டாந்து வாக்கியத்துக்கு நடுவுல வச்சிருக்கான். ஒரு அத்தியாயத்துல பாருங்க, ரெண்டு ரெண்டு வார்த்தைக்கு ஒரு என்டர். தூங்கித் தூங்கி அடிச்சிருப்பான்.

மதலேனம்மாள்: எந்த அத்தியாயத்துல?

ஆனந்த்: ...ஞாபகமில்லைங்க.

மதலேனம்மாள்: இப்பத்தான பாத்த.

ஆனந்த்: நான் எங்கங்க படிக்கிறேன். வரி நேரா நிக்குதான்னு மட்டும்தான் பாக்கிறது.

மதலேனம்மாள்: சரி, சரி... காப்பி ஆறுது, குடி.

ஆனந்த்: இப்பப் பாருங்க. எழுத்து இந்த அளவு போதுமா?

மதலேனம்மாள்: இன்னும் கொஞ்சம் பெருசா வையி. ஆங்... இப்பக் கண்ணுக்கு எதமா இருக்குது. ஓரத்துல எடமும் வுட்டிருக்க.

ஆனந்த்: அத்தியாயத் தலைப்பு தனிப் பக்கத்துல வரும். இந்தப் பட்டியல்ல தொட்டீங்கன்னா நேரா அங்கயே போயிரும்.

மதலேனம்மாள்: மொத்தம் எத்தனை காட்டுது?

ஆனந்த்: பத்தொன்பது.

மதலேனம்மாள்: இருபதுல்ல?

ஆனந்த்: பத்தொன்பதுதாங்க.

மதலேனம்மாள்: இரு, போன் அடிக்குது... சொல்லு அனிஷா... சாமல்பட்டியா... சரி கண்ணு... ஏறிட்டு இருக்குது... ஆனந்துதான் பண்றான். வையி... என்ன ஆனந்து, லேப்டாப்பை மூடிட்ட?

ஆனந்த்: முடிஞ்சுது பெரியம்மா. ரீடர்ல ஏத்திட்டேன். நான் கெளம்பட்டுங்களா? கடையில வேலைக்கு இருக்கிற சசிகலா தனியா இருக்குது.

மதலேனம்மாள்: உக்காரு. பன்னெண்டுக்கு அப்புறம் என்ன வருது?

ஆனந்த்: பதிமூணு.

மதலேனம்மாள்: கிண்டலு வேணாம். பதிமூணுல என்ன?

ஆனந்த்: மழையில தண்டவாளத்துக்கு அடியில மண்ணு அரிச்சது. பெரியப்பா செவப்புக் கொடி புடிச்சுக்கிட்டு ஓடினாரே, அது.

மதலேனம்மாள்: நீ படிக்கலைன்னு சொன்ன.

ஆனந்த்: அது... தலைப்பு கண்ணுல பட்டுச்சு.

மதலேனம்மாள்: மண்ணு அரிச்சது பதினாலு. பதிமூணை எங்க வச்ச?

ஆனந்த்: நான் வந்தப்போ நீங்களும்தான் ஒரு வரிகூடப் படிச்சதில்லைன்னீங்க.

மதலேனம்மாள்: நான் கேட்டதுக்குச் சொல்லு.

ஆனந்த்: பெரியம்மா, வுட்டுருங்களேன். ஏழு பக்கம். அது இல்லைன்னா யாருக்கும் ஒண்ணும் ஆவப் போறதில்ல. நம்பரையும் மாத்திப் போட்டுட்டேன், ஒருத்தருக்கும் தெரியாது.

மதலேனம்மாள்: இன்னாசியைப் பத்தித்தான?

ஆனந்த்: ...உங்களுக்குத் தெரியுங்களா?

மதலேனம்மாள்: என் மூத்த புள்ளையைப் பத்தி எனக்குத் தெரியாதா.

ஆனந்த்: காய்ச்சல்ல போனான்னுதான எங்க எல்லாருக்கும் சொன்னீங்க. அனிஷாவுக்கும் அதான தெரியும். திடீர்னு அதுல பாத்ததும் மொத்தமா எடுத்துட்டேங்க.

மதலேனம்மாள்: என்ன எழுதியிருக்குது? உன் வாயால சொல்லு.

ஆனந்த்: வேணாங்க.

மதலேனம்மாள்: சொல்லு ஆனந்து.

ஆனந்த்: நீங்க சந்தைக்குப் போயிருந்தீங்களாம். பெரியப்பா ராத்திரி டூட்டி முடிச்சு வந்து, புள்ளையைப் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டுக் கண் அசந்துட்டாராம். கதவுக்குக் கொக்கி போடலையாம். பின்னாடி தண்ணித் தொட்டியில... "என்னால போன உசுரு"ன்னு எழுதியிருக்காருங்க.

மதலேனம்மாள்: ம்.

ஆனந்த்: இதை அனிஷா படிக்கணுங்களா? அப்பா அப்பான்னு உசுர வுடுற பொண்ணு. பூசையன்னிக்கு இதைப் படிச்சுட்டு உக்காந்தா, யாரு தேத்துறது? உங்களையும் நெனச்சுத்தான் எடுத்தேன். தப்புன்னா மன்னிச்சுருங்க.

மதலேனம்மாள்: தப்பில்ல கண்ணு. பத்தொன்பதுன்னு நீ சொன்னதும் எனக்கு ஒரு நிமிசம் உசுரு வந்துச்சு. போனது போவட்டும், நாமளா எடுத்தோம்னு வாயை மூடிக்கிட்டேன். போன்ல அந்தப் புள்ள கொரலைக் கேட்டப்புறம் முடியல.

ஆனந்த்: ஏங்க?

மதலேனம்மாள்: அதைத் திருப்பி வையி.

ஆனந்த்: பெரியம்மா...

மதலேனம்மாள்: வையி. மொரப்பூர் வந்துரும்.

ஆனந்த்: செத்துப் போனவரை அனிஷா வெறுக்கணுமா? அதுவா வேணும் உங்களுக்கு?

மதலேனம்மாள்: அவரை வெறுக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

ஆனந்த்: ஒண்ணும் புரியலைங்க. பதிமூணாவது அத்தியாயம் அதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது? டைப் அடிச்ச கடைக்காரனா?

மதலேனம்மாள்: கடையும் இல்ல, கடைக்காரனும் இல்ல. தூங்கி அடிச்சான்னியே... தூங்கல. கை நின்னு நின்னு போச்சு.

ஆனந்த்: ...நீங்களா?

மதலேனம்மாள்: கண்ணாலத்துக்கு முன்னாடியே டைப்ரைட்டிங் பரீச்சையில லோயர் பாஸு. கண்ணு தெரியாத மனுசன், கடைக்கு எங்க போவாரு. அவரு சொல்லச் சொல்ல மூணு மாசம் அடிச்சேன்.

ஆனந்த்: உங்களுக்கு டைப் தெரியும்னு எங்க அம்மாகூடச் சொன்னதில்லையே. ஒரு நாளும் நீங்க கீபோர்டைத் தொட்டு நான் பாத்ததில்ல.

மதலேனம்மாள்: தொட மாட்டேன்னு இருந்தேன். அவரு கேட்டதுக்காகத் தொட்டேன்.

ஆனந்த்: அப்போ பெரியப்பா தூங்கிப் போனது தெரிஞ்சும் இத்தனை வருசம் ஒரு வார்த்தை வெளிய வுடாம குடும்பம் நடத்தியிருக்கீங்க... எப்படிங்க முடிஞ்சுது?

மதலேனம்மாள்: அவரு எங்க தூங்கினாரு. கேட்டுல டூட்டியில நின்னாரு. அன்னிக்குச் சந்தையே இல்ல. ஹையர் பரீச்சைக்குன்னு அவரு வாங்கிக் குடுத்த பழைய மெஷினை வச்சுக்கிட்டு வூட்டுல தட்டிக்கிட்டு இருந்தவ நான். அந்தச் சத்தத்துல புள்ள கதவைத் தள்ளினதும் கேக்கல, தொட்டியில வுழுந்ததும் கேக்கல. சாவறதுக்கு முன்னாடி, "பழியை என் பேர்ல போடு மதலேன், நான் போறவன், நீ அனிஷா கூட இருந்து சோறு திங்கணும்"னாரு. நானும் அழுதுக்கிட்டே அடிச்சேன், வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல... லேப்டாப்பை இப்படித் திருப்பு. அவ வர்றதுக்குள்ள அந்த ஏழு பக்கத்தை நடந்தபடியே மாத்தி அடிச்சுடுறேன். வரி முடிஞ்சா கை தானா என்டருக்குப் போவும், எங்க தட்டக் கூடாதுன்னு மட்டும் பக்கத்துல உக்காந்து சொல்லு.