கழுவாத சல்லடை

"பொம்பளப் புள்ளைக்கு இன்ஜின் படிப்பு எதுக்கு?" என்றார் பெரியப்பா, நான் ஐடிஐயில் சேர்ந்தபோது.

போன வாரம் விழுப்புரம் பேருந்தில், முன் இருக்கையில் ஒருவர் பக்கத்திலிருந்த மெக்கானிக்கிடம் சொன்னார்:

"கார் இன்ஜின் அழுக்கா இருந்த வரைக்கும் ஓடிக்கினு இருந்துது தம்பி. சுத்தம் பண்ணேன், நின்னுடுச்சு."

"என்னாத்த ஊத்தினீங்க?"

"ஆயில் ஊத்துற எடத்துல டீசல். கசடு கருகருன்னு வந்துது. பொகை வண்டின்னு உங்க அண்ணி கிண்டல் பண்ணுவா, அதுக்காவத்தான். மறுநாள் அவளுக்கு நெஞ்சு வலி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன், பாதியில இன்ஜின் ஜாம். வேற வண்டி வர்றதுக்குள்ள உசிரு போயிடுச்சு."

"அடியில இருக்கற ஆயில் தொட்டி, அந்தச் சம்பைக் கழட்டி, உள்ள சல்லடையைக் கழுவினீங்களா?"

"இல்லியே. கழுவணுமா?"

மெக்கானிக் அவர் தோளில் கை வைத்தார்.

"வேணாம்ணே. பழைய வண்டி, எப்படியும் நின்னுருக்கும்."

கரைந்த கசடு அந்தச் சல்லடையைத்தான் அடைக்கும், ஆயில் ஏறாமல் இன்ஜின் ஜாம் ஆகும் என்று நான் படித்திருக்கிறேன்.

இன்று பட்டறையில் எனக்கொரு பழைய இன்ஜினைக் கொடுத்தார்கள். முதல் வேலையாகச் சம்பைக் கழற்றிவிட்டேன்.