பக்கெட்டுல முப்பத்தொண்ணு

— இன்னொரு தடவ சொல்லுப்பா. எங்க பிளேனு தலைக்கு மேல வந்தப்ப கடல் தண்ணிய மொண்டியா, இல்லியா?

— மொண்டேன் கலை. மாதா சத்தியமா. மரக்காணத்துலேர்ந்து அந்தோணிசாமி போட்டுல போய்க்கினு, நீ சொன்ன எடத்துலயே நிறுத்தி மொண்டேன்.

— அப்புறம் எப்பிடி? மேலேர்ந்து எங்க மிஷினு கடல் சூடு இருபத்தொன்பதுன்னு காட்டுது. அது சரியான்னு பாக்கத்தான் கீழ ஒரு ஆளு வேணும்னாங்க, நான் ஒன்ன சேத்துவுட்டேன். ஒம் பக்கெட்டுல முப்பத்தொண்ணு. நாலு நாளும் அப்பிடியே.

— ரெண்டு தானேம்மா வித்தியாசம்.

— கடலு அர டிகிரி ஏறிச்சான்னு பாக்கத்தாம்பா பறக்கறதே. நீ சாதாரணமா ரெண்டுன்ற.

— மெல்ல பேசு. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டே பாக்குது. இந்தா, உங்கம்மா மல்லாட்டை அவிச்சுக் குடுத்தா. கிளியனூர் பஸ்ஸு வர்ற வரிக்கும் ஓட்ட ஒடச்சு கடலையத் துன்னு.

— வாணாம்பா. நாளைக்கு ரிப்போர்ட்டு குடுக்கணும். மிஷினு தப்புன்றாங்க. அத பாத்துக்கறது நானு, என் வேலையே போயிடும். மொண்ட ஒடனே தர்மாமீட்டர வுட்டியா?

— வுட்டேன்.

— ஒடனேவா?

— கொஞ்சம் பொறுத்து.

— எவ்ளோ கொஞ்சம்?

— பத்து நிமிசம் இருக்கும். பக்கெட்ட பலகை மேல வச்சிட்டு நின்னுக்கினு இருந்தேன்.

— உச்சி வெயில்லயா? கருப்பு பக்கெட்டுப்பா அது, சுடாம இன்னா பண்ணும்? அப்பிடி இன்னா வேல ஒனக்கு அங்க?

— கேக்காத கண்ணு. மானமே போவுது.

— சொல்லுப்பா.

— நீ மேல இருக்கன்னு தெரியும்ல. பிளேனு மறையற வரிக்கும் தலத்துண்ட அவுத்து ஆட்டிக்கினே இருந்தேன். கரும்பு வெட்டுறவன் பொண்ணு ஆகாசத்துல போவுதேன்னு ஒரு இது. அந்தோணிசாமி கூட சிரிச்சான். அதுல தண்ணி மறந்துபோச்சு. நாலு நாளும்.

— ஐயோ, அப்பா.

— அழுவாத கலை. ரிப்போர்ட்டுல எழுதிடு, கீழ வச்ச ஆளு சரியில்லன்னு. சவுரிராயன்னு எம் பேரக்கூட போடு. ஒங்கப்பன்னு மட்டும் எழுதாத. ஒனக்குத்தான் அசிங்கம்.

— அங்க யாருக்கும் தெரியாதுப்பா.

— இன்னா தெரியாது?

— நீ யாருன்னு. துண்டு நல்லா தெரிஞ்சுது, நாலு நாளும். பக்கத்துல இருந்த பைலட்டு, யாரும்மா அந்தப் பைத்தியம்னு கேட்டாரு. தெரியல சார்னு சொல்லிட்டு நானும் சேந்து சிரிச்சேன்.